பவளத் தொட்டி விற்கிறீர்கள், தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தாலே சிங்கப்பூரின் சிராங்கூன் நார்த் அலங்கார மீன் கடைகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். நீல விளக்கில் மின்னும் பவளங்களை விட்டுப் பிள்ளைகள் நகர மாட்டார்கள். பெற்றோரும் சரி, வாங்கித்தான் பார்ப்போமே என்று தொட்டி, விளக்கு, பம்பு, உப்பு, இரண்டு கோமாளி மீன், நாலைந்து பவளத் துண்டு என்று பல நூறு வெள்ளிக்கு வாங்கிப் போகிறார்கள். தண்ணீரைச் சோதிக்கும் குப்பிகளை மட்டும் பலர் வாங்குவதில்லை, கடைக்காரரும் வற்புறுத்துவதில்லை. கொஞ்ச நாளில் பவளம் வெளுத்து, சதை உரிந்து, வெறும் எலும்பாக நிற்கிறது. தெரிந்தவர்கள் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனது கேட்காமல்தான் எழுதுகிறேன்.

பவளம் ஓர் உயிருள்ள பிராணி. தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. கடலில் இவை தீர்ந்துபோகாது, வீட்டுத் தொட்டியிலோ தினமும் குறைந்துகொண்டே வரும். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம், ஆல்கலினிட்டி, அதாவது முக்கியமாகக் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, ஏறக்குறைய 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) இருக்கும். இந்த மூன்றில் எதை முதலில் கவனிப்பது என்று கேட்டால் ஆல்கலினிட்டி என்றுதான் சொல்வேன். காரணம் கணக்கிலேயே இருக்கிறது: பவளம் எலும்பு கட்டும்போது ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் இறங்கினால் கால்சியம் இறங்குவது வெறும் 20 மில்லிகிராம். அதாவது ஆல்கலினிட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகிவிட்ட நேரத்தில் கால்சியம் 400ஐக் காட்டிக்கொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற நினைப்பைக் கொடுக்கும். கால்சியம் வங்கியில் கிடக்கும் சேமிப்பு என்றால் ஆல்கலினிட்டி கையில் இருக்கும் செலவுப் பணம், முதலில் தீர்வது அதுதான்.

ஆனால் பெரும்பாலானோர் பார்ப்பது பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஜன்னலை அடைத்துவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டால், நாம் விடும் மூச்சில் இருக்கும் கரியமில வாயு அறைக்குள்ளேயே தங்கி, தொட்டியில் கரைந்து, பிஎச்சை 7.8 வரைக்கும்கூட இறக்கிவிடும். உடனே பதறி, பிஎச் ஏற்றும் மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். மறுநாள் பார்த்தால் பிஎச் பழையபடி இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றுவார்கள். அந்த மருந்து பெரும்பாலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான், அதனால் பிஎச் ஏறாவிட்டாலும் ஆல்கலினிட்டி சத்தமில்லாமல் 12, 13 என்று போய்விடும். அப்புறம் கால்சியமும் கார்பனேட்டும் தாமாகவே சேர்ந்து பம்பு மேலும் கண்ணாடி மேலும் வெள்ளைப் படிவாக ஒட்டும், பவளத்தின் நுனி கருகும். ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால், அல்லது ஸ்கிம்மரின் (நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவியின்) காற்றுக் குழாயை வெளியே நீட்டிவிட்டால் சரியாகியிருக்கக்கூடிய விஷயம் இது.

ஆல்கலினிட்டிக்கு 7க்கும் 9க்கும் இடையில் உங்களுக்குத் தோதான ஓர் எண்ணைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள். எட்டு நல்லதா எட்டரை நல்லதா என்பது பெரிய விஷயமே இல்லை, இன்று 7 நாளை 10 என்று ஆடுவதுதான் பவளத்தைக் கொல்லும். குறைந்திருந்தால் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஆல்கலினிட்டியை ஏற்றும் பைகார்பனேட் கரைசலையும் கால்சியத்தை ஏற்றும் கால்சியம் குளோரைடு கரைசலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் கண்ணெதிரே பால் போலத் திரிந்து இரண்டும் வீணாகும், நேரம் விட்டு, பம்பின் நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள். பவளம் குறைவாக உள்ள தொட்டிக்குச் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த சுண்ணாம்புத் தெளிநீரே போதும், கால்சியமும் ஆல்கலினிட்டியும் சரியான விகிதத்தில் சேரும். ஆனால் அதன் பிஎச் 12க்கு மேல், மடமடவென்று ஊற்றிவிடக் கூடாது. பிஎச் இயல்பாகவே இறங்கியிருக்கும் இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எவ்வளவு சேர்த்தும் இரண்டும் நிற்காமல் இறங்குகிறதா, மக்னீசியத்தைச் சோதியுங்கள், அது குறைந்தால் மற்ற இரண்டும் படிவாகிப் போவதைத் தடுக்க ஆள் இருக்காது.

நம் ஊர் வெயிலுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாதவர்கள் மின்விசிறியைத் தொட்டி மேல் திருப்பி வைக்கிறார்கள். நல்ல யோசனைதான், தண்ணீர் ஆவியாகும்போது சூடு குறையும். ஆனால் ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறும், நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்குக்கு அருகிலேயே நிற்க வேண்டும். அந்த நன்னீரும் குழாயிலிருந்து நேராக வேண்டாம். நம் குழாய்த்தண்ணீர் குடிக்க அருமையானது, ஆனால் அதில் கிருமி கொல்லும் குளோரமின் இருக்கிறது, ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போல அது போய்விடாது. ஆர்ஓ-டிஐ வடிகட்டியில் (சவ்வாலும் அயனி நீக்கும் பிசினாலும் சுத்திகரிக்கும் கருவியில்) வந்த தண்ணீர்தான் பாதுகாப்பு. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தாலும் செம்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு மருந்து கொடுங்கள்.

1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் நம் தென் தீவுகளில் பவளங்கள் கூட்டமாக வெளுத்ததைப் பார்த்தோம். அங்கே நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வீட்டுத் தொட்டியில் அப்படி இல்லை, அங்கே கடல் என்பதே நாம்தான். இந்தோனீசியாவிலிருந்து இவ்வளவு தூரம் உயிரோடு வந்த ஒரு பவளம் சோதனைக் குப்பி இல்லாத வீட்டில் சாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பவளத்தைப் போட்டுக் கொடுக்கும் பையின் மேல் உங்கள் தொட்டியின் உப்பு அளவையும் டிகேஎச்சையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். உங்கள் தண்ணீர் 8, வாங்குபவர் வீட்டுத் தண்ணீர் 11 என்றால் அன்றைக்கே பவளத்துக்கு அதிர்ச்சி, எண் தெரிந்தால் வீட்டுத் தண்ணீரைச் சரிசெய்துவிட்டு வந்து வாங்குவார்கள். அதை எழுத உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்