ரப்பர் மரத்து பிளாஸ்டிக் வயலுக்கு வரும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்ணில் பிளாஸ்டிக் என்றாலே எல்லோரும் தெருக்குப்பையைத்தான் கைகாட்டுகிறார்கள். குமரி மாவட்டத்தில் அதில் ஒரு பங்கை நாமே மரத்தில் கட்டி வைக்கிறோம். மழையிலும் பால்வெட்டு நடக்க ரப்பர் மரத்தில் ஒட்டுகிற ரெயின்கார்டு பாலித்தீன்தான் அது. மரத்துக்கு 25 முதல் 30 கிராம் என்று வைத்தால், 180 மரம் நிற்கும் ஏக்கருக்கு ஆண்டுக்கு சுமார் 5 கிலோ; 20 ஆண்டில் 100 கிலோ. பழையதைக் கழற்றி வெளியே கொண்டுபோகிற தோட்டங்களும் உண்டு, கிழித்து மரத்தடியிலேயே போடுகிற தோட்டங்களும் உண்டு.

வெயில் பட்ட பாலித்தீன் மொரமொரவென்று உடையும். துண்டு 5 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது நுண்பிளாஸ்டிக். அதன்பின் பொறுக்கி எடுக்க வழியில்லை. மழைநீரோடு ஓடைக்கும் சானலுக்கும் இறங்கிக் குளத்து வண்டலில் படிகிறது. அந்த வண்டலைத்தான் அள்ளி வயலுக்குப் போடுகிறோம். வாழையிலோ, ஏத்தன் (நேந்திரன்) வாழை சாயாமல் இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் கயிறு. குலை வெட்டியபின் வாழை அடியிலேயே விட்டால் இழை இழையாகப் பிரியும். அதன் மேல் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையும் ஓட்டினால் ஒரே நாளில் தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

பயிருக்கு என்ன ஆகும்? துணுக்குகள் விதையுறையின் துளைகளை அடைத்து நீர் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நெதர்லாந்தில் கடுகு இனச் செடி ஒன்றில் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், 8 மணி நேரத்தில் முளைப்பு குறைந்திருந்தது. 24 மணி நேரத்தில் அந்த வித்தியாசம் மறைந்தது. வேர் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. பக்கவேர் வெடித்து வரும் இடுக்கு வழியே 2 மைக்ரோமீட்டர் துணுக்குகூட கோதுமைக்குள் நுழைந்து, நீரோட்டத்தோடு மேலே ஏறுவதைச் சீன ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். களை வராமல் மண்ணின்மேல் விரிக்கும் மூடாக்குத் தாளில், மக்கும் வகை என்று விற்பதை வாங்கினால் தீர்ந்தது என்றும் நினைக்க முடியாது: கோதுமையில் செய்த 2018-ம் ஆண்டு சோதனையில், மாவுச்சத்து கலந்த தாளின் துண்டுகள் சாதாரண பாலித்தீனைவிட வளர்ச்சியை அதிகம் கெடுத்தன.

இந்தச் சோதனையில் மண்ணின் எடையில் 1 சதவீதம் பிளாஸ்டிக் கலந்திருந்தார்கள். ஒரு ஏக்கரில் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணே ஏறக்குறைய 1,000 டன் வரும்; அதில் 1 சதவீதம் என்றால் 10 டன், அதாவது 20 ஆண்டு ரெயின்கார்டின் 100 கிலோவைப்போல் நூறு மடங்கு. ஆகவே வருகிற கும்பப்பூ நெல் பருவத்திலேயே விளைச்சல் விழுந்துவிடும் என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். போட்டது போகாமல் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் கவலை.

வண்டல் இறக்கும் முன் வீட்டிலேயே பார்க்கலாம். 1 லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். உலர்ந்த வண்டல் 100 கிராமைக் கையால் உதிர்த்து (இடித்தால் பிளாஸ்டிக்கும் நொறுங்கும்) ஸ்டீல் பாத்திரத்தில் போட்டு, உப்புநீர் ஊற்றி 5 நிமிடம் கிளறி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். பாலித்தீன், நைலான், கயிற்று இழை மேலே வரும். சருகும் சகிரித்தூளும் (தென்னை நார்த்தூள்) கூடவே மிதந்து ஏமாற்றும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொட்டால் பிளாஸ்டிக் சுருண்டு உருகும், சருகு கருகும். தண்ணீர் பாட்டில் துண்டும் பிவிசியும் இந்த உப்புநீரிலும் அடியில் தங்கிவிடும் என்பதால், ஒன்றும் மிதக்கவில்லை என்றாலும் வண்டல் சுத்தம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உப்புநீரைத் தோட்டத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

நகரக் குப்பை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்பது 4 மில்லிமீட்டர் சல்லடை. நுண்பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி அதன் வழியே தாராளமாக இறங்கும். சலித்த உரம் என்ற பேச்சை நம்பி வாங்காமல் அதையும் இதேபோல் சோதியுங்கள்.

ரெயின்கார்டை இலையுதிர்வு ஓய்வில், பிப்ரவரியிலேயே, கோடை வெயில் மொரமொரப்பாக்கும் முன் கழற்ற வேண்டும். கையால் இழுத்தால் துண்டு துண்டாக வரும். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டுக் கத்தியால் ஒட்டு ஓரமாக அறுத்தால் முழுசாக வரும். மரத்தில் ஒட்டப் பூசிய தார் படிந்திருப்பதால் ஆக்கர் (பழைய பொருள்) கடையில் எடுப்பது சிரமம், தோட்டத்தில் எரிக்கவும் கூடாது. அதனால் மாவட்ட நிர்வாகம் ரப்பர் பகுதி ஊராட்சிகளில் மார்ச் மாதம் ஒரு நாள் குறித்து, இதைச் சாக்கில் வாங்கி சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். சிறு தோட்டக்காரர் தலையில் வண்டி வாடகையையும் ஏற்றினால் சாக்கு தோட்டத்தைவிட்டு நகராது.

வேளாண் பட்டதாரிகள் சிலர்,
குலசேகரம்.