திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் திரும்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. விடுமுறையில் உங்களில் பலர் திருச்செந்தூர் போவீர்கள். முருகனைக் கும்பிட்டு, நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு, போன வழியிலேயே திரும்பிவிடுவதுதான் நம் வழக்கம். இந்த முறை அப்படித் திரும்பாமல் தெற்கே கடலோரச் சாலையைப் பிடித்து மணப்பாடு, உவரி வழியாகப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வளர்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்குக் கடல் என்றால் கோயில் வாசலில் கால் நனைக்கிற இடம், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரிலும் மணலிலும் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

திருச்செந்தூரிலிருந்து உவரி சுமார் 40 கி.மீ. கார் வேண்டும் என்றில்லை, உவரி வழியாகக் கன்னியாகுமரி போகும் பஸ் இருக்கிறது. இடப்பக்க சன்னலோரம் பிள்ளைக்கு இடம் பிடித்துக் கொடுங்கள். வழி நெடுகக் கடல் தெரியாது. நடுவில் பனங்காடும் தேரி என்கிற செம்மணல் மேடும் வந்து மறைக்கும். அதையும் பார்க்கட்டும், உடன்குடிக் கருப்பட்டி இந்தப் பனைகளிலிருந்துதான் வருகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைத்து அனுப்ப வேண்டும், இங்கிருந்து நேராக அனுப்பலாம். இதைச் சொன்னால் பெரிய பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

ஆனால் மணப்பாட்டில் அவசரப்படாதீர்கள். சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். 1542-இல் புனித சவேரியார் வந்த ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகம், நீண்ட மணல்திட்டு. காலையில் வெயில் ஏறுமுன் அங்கே ஓரிடத்தில் சும்மா உட்காருங்கள். ஆலாப் பறவை அந்தரத்தில் நின்று குறிபார்த்து, செங்குத்தாகத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும். உப்புக்கொத்தி என்கிற சின்னப் பறவைகள் அலை பின்வாங்கும்போது ஓடிப்போய்க் கொத்திவிட்டு, அடுத்த அலை வருமுன் குடுகுடுவென்று கரையேறும். காலடியில் பாருங்கள்: மிளகு அளவு மணல் உருண்டைகள் வளையைச் சுற்றி வரிசை வரிசையாகக் கிடக்கும். குட்டி நண்டு மணலை வாயில் அள்ளி, அதில் உள்ள இரையை மட்டும் சலித்துத் தின்றுவிட்டு உருட்டிப் போட்டவை அவை. அசையாமல் இருந்தால் நண்டே வெளியே வரும். பிள்ளைகளால் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள், இருப்பார்கள்.

2016 ஜனவரியில் இதே கரையோரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டார்கள், பல திரும்பவும் கரைக்கே வந்தன. மீனவ அண்ணாச்சி யாராவது வலை பிரித்துக்கொண்டிருந்தால் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். நான் வகுப்பில் சொல்வதைவிட அவர்கள் சொல்வதில் விஷயம் அதிகம்.

தை, மாசியில் போகிறவர்களுக்கு ஒன்று. பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி சுமார் நூறு முட்டை இட்டுப் புதைத்துவிட்டுப் போகும் காலம் அது. தடம் தெரிந்தால் தோண்ட வேண்டாம். இரவில் டார்ச், செல்போன் வெளிச்சம் அடிக்க வேண்டாம், குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் போய்விடும்.

உவரியில் கப்பல் மாதா கோயிலையும் சுயம்புலிங்க சுவாமியையும் பார்த்துவிட்டு, திசையன்விளை வழியாகத் திரும்பும்போது நேரமிருந்தால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கும் போங்கள். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து எல்லாம் அங்கே வரும். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே ஹாரன் அடிக்காதீர்கள்.

அப்புறம், கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: மணப்பாட்டிலோ உவரியிலோ பிள்ளைகளைக் கடலில் இறக்கிக் குளிக்க விடாதீர்கள். அலையின் இழுப்பு பெரியவர்களையே சாய்த்துவிடும். புயல், பேரலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். ஒரே பைக்கில் குடும்பத்தோடு கிளம்புவது வேண்டவே வேண்டாம். உயிருள்ள சிப்பி, சங்கு, நண்டை வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம். தண்ணீர் பாட்டிலையும் தின்பண்டக் கவரையும் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

அறிவியல் ஆய்வகத்தில் இரண்டு பைனாகுலர்கள் இருக்கின்றன. வேண்டுபவர்கள் வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால் முறை வைத்துத் தருவோம். பிள்ளைகள் பார்த்ததை எழுதியோ வரைந்தோ கொண்டுவந்தால் பள்ளி திறந்ததும் சுவரில் ஒட்டுவோம். இதற்கு மதிப்பெண் இல்லை, கட்டாயமும் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்