கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம்: தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் கழக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சொந்தமாக மோட்டார் ஹோம் வைத்து ஊர் சுற்றுகிறவர்களில் ஒருவன் நான். கேரவன் என்றால் ஊரில் எல்லாருக்கும் உடனே புரிந்துவிடும். கூடவே ‘உள்ளே எந்த நடிகர்?’ என்றும் கேட்பார்கள். எங்கள் வண்டியில் நடிகர் யாரும் இல்லை. ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, சின்னதாக ஒரு ஃபிரிட்ஜ், ஆள் நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு பாத்ரூம், அவ்வளவுதான்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ வளாகங்களில், இடம் தாராளமாக இருக்கிற ஊர்களில் மட்டும், இப்படிப்பட்ட இரண்டு வண்டிகள் இரவு தங்க இடம் ஒதுக்குங்கள். அங்கே ஒரு குடிநீர்க் குழாய், எர்த் சரியாக இருக்கிற ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய மூடி போட்ட ஒரு குழி. மூன்றையும் செய்ய முடியாது என்றால், கடைசியாகச் சொன்ன குழியை மட்டுமாவது செய்து கொடுங்கள்.

மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இந்த வண்டி வைத்திருப்பது பாதி டிரைவர் வேலை, பாதி வீட்டுக்காரர் வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஏணி போட்டுக் கூரையில் ஏறி, ஏசிக்கும் காற்றுப் போக்கிக்கும் வெட்டிய இடங்களைச் சுற்றியிருக்கும், தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசையை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் சரி. வெயிலில் காய்ந்து விறைத்து, ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வாய் பிளந்திருந்தால், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியதுதான். சோம்பல்பட்டு விட்டுவிட்டால், தண்ணீர் நேராகக் கீழே சொட்டித் தகவல் சொல்லாது. தகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவில் ஓடி, சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் பிளைவுட்டை ஊற வைக்கும். நாற்றம் வரும்போதுதான் நமக்குத் தெரியும். அப்போது மூலையை மட்டும் மாற்றினால் போதாது, சுவரையே பிரிக்க வேண்டும்.

டயர் தேயாமலே கிழடாகிவிடும். வருடத்தில் பாதி நாள் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி அல்லவா? ரப்பரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்துத்தான், அதாவது தயாரான வாரத்தையும் வருடத்தையும் பார்த்துத்தான், மாற்றுகிறோம். தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு பிளீச்சிங், வயரைக் கடிக்க வருகிற எலிக்குப் பொறி, கேஸ் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது என்று பட்டியல் நீளும். பெரிய வேலை வந்தால் கரூர் இருக்கிறது. பஸ்ஸுக்கே பாடி கட்டுகிற ஊரில் வெல்டிங்குக்கும் தகட்டு வேலைக்கும் ஆளா இல்லை?

சுங்கச்சாவடி பற்றியும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த வருடாந்திர பாஸ் சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன்களுக்குத்தான். மினி பஸ் வகையில் வருகிற வண்டி, சொந்த உபயோகத்துக்கே ஆனாலும், அதில் சேராது. சரி, அது உங்கள் கையில் இல்லாத விஷயம். விட்டுவிடுகிறேன்.

கழிவறை விஷயம் உங்கள் கையில் இருக்கிறது.

இந்த வண்டிகளில் இரண்டு விதமான கழிவறை உண்டு. ஒன்று, வண்டிக்கு அடியில் நிலையாகப் பொருத்திய தொட்டி. வால்வைத் திறந்தால் தடிமனான குழாய் வழியாக வெளியேறும். இன்னொன்று, பக்கவாட்டுக் கதவைத் திறந்து பெட்டி மாதிரி வெளியே இழுக்கிற தொட்டி. கேசட் என்போம். பெரும்பாலும் 20 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதன் பிறகு எங்கேயாவது ஊற்றியே ஆக வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் கேன் வாங்கலாம், மின்சாரம் தீர்ந்தால் சோலாருக்குக் காத்திருக்கலாம். இதைத் தள்ளிப்போட முடியாது.

எங்கே ஊற்றுகிறோம் என்று கேட்டால், நேர்மையான பதில்: பெட்ரோல் பங்க் கழிவறை. நிறைந்த தொட்டி கிட்டத்தட்ட 20 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு, பக்கெட்டுக்கும் கதவுக்கும் நடுவில் ஒருவர் நிற்கவே சிரமமான அறைக்குள் நுழைய வேண்டும். பீங்கானில் சாய்த்தால் முதலில் ஒழுங்காகத்தான் போகும். உள்ளே காற்று போவதற்கான பொத்தானைக் கட்டை விரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் ‘களக், களக்’ என்று விட்டு விட்டு விழுந்து முழங்கால் வரை தெறிக்கும். இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்திருக்கிறவர் எந்தக் கட்டை விரலால் அழுத்துவது? அதற்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அப்புறம் பீங்கானை அலசி, தரையை அலசி, செருப்பை அலசி வெளியே வந்தால், பின்னால் வரிசையில் நிற்கிற பஸ் பயணிகளின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். அவர்கள் முகம் சுளிப்பதில் தப்பே இல்லை.

சில இடங்களில் ‘ஒரு நூறு ரூபா குடுங்க சார், ஆளை விட்டு ஊத்தச் சொல்றேன்’ என்பார்கள். ஒத்துக்கொள்கிற வண்டிக்காரர்களும் உண்டு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மனிதக் கழிவைக் கையாள மனிதர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்க 2013-ல் நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இது வரும் வராது என்று வாதாடுவதே அசிங்கம். தன் தொட்டியைத் தானே ஊற்றிக் கழுவ மனமில்லாதவர் இந்த வண்டியை வாங்கவே கூடாது. நீங்கள் இடம் கொடுக்கும்போது இதை முதல் விதியாக எழுதி வையுங்கள்: ‘வண்டிக்காரரே காலி செய்ய வேண்டும். விடுதிப் பணியாளரிடம் சொல்லக் கூடாது.’

இதைவிட மோசமானதும் நடக்கிறது. மலைப்பாதையில் ஓடைப் பக்கமாக ஓரங்கட்டி, இருட்டில் வால்வைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து அபராதம் போடுங்கள், நானே வந்து சாட்சி சொல்கிறேன். ஆனால் ‘வேறு எங்கே சார் ஊற்றுவது?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், இன்றைய தேதியில் நம்மிடம் பதில் இல்லை.

அரசுக்கு இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. செப்டிக் டேங்க் கழிவை லாரிகள் ஏரியிலும் வாய்க்காலிலும் கொட்டுவதைத் தடுக்க 2014-லேயே தமிழ்நாடு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழி என்ற ஊரில் கழிவுக் கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. திருச்சியில் லாரிகள் இறக்குவதற்கென்றே இடங்கள் உண்டு. எல்லாம் நல்ல வேலை. ஆனால் அவை ஆயிரக்கணக்கான லிட்டரோடு வருகிற லாரிகளுக்காகக் கட்டியவை. கையில் ஒரு பெட்டியோடு வருகிறவரை வாசலில் நிற்கும் காவலர் உள்ளே விடமாட்டார், விட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

உங்கள் விடுதிகளில் நிலைமை வேறு. செப்டிக் டேங்க்கோ பாதாளச் சாக்கடை இணைப்போ ஏற்கெனவே இருக்கிறது. அதில் எங்கள் 20 லிட்டர் ஒரு சுமையே இல்லை. பாதாளச் சாக்கடை இருக்கும் நகரங்களில் குடிநீர் வழங்கலைத் திட்டமிடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். என் வண்டியின் மொத்தத் தண்ணீர்த் தொட்டியே 100 லிட்டர்தான். அதை வைத்து இரண்டு பேர் இரண்டு நாள் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிடுகிறோம். அறை எடுத்துத் தங்குகிறவர் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுகிற நேரத்தில் நாங்கள் குளித்துத் துவட்டியே முடித்திருப்போம்.

ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். கேசட்டில் நாற்றம் வராமலிருக்க மருந்து ஊற்றுவோம். அதில் ஃபார்மால்டிஹைடு கலந்த வகை ஒன்று உண்டு. நாற்றத்தை நன்றாகவே அடக்கும். ஆனால் செப்டிக் டேங்க்கில் கழிவை மட்க வைக்கிற பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். அது கலக்காத, நுண்ணுயிரிகளை நம்பி வேலை செய்கிற வகையும் கிடைக்கிறது. அதை மட்டுமே அனுமதியுங்கள். வண்டி உள்ளே வரும்போதே பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அவர் பாட்டிலில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

குழி என்றதும் பெரிய கட்டுமானம் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவை நோக்கிச் சரிகிற சிமென்ட் தளம், மூன்றடிக்கு மூன்றடி போதும். நடுவில் ஒரு சாண் அகலத்தில் வாய், காலால் திறக்கிற மூடி, நாற்றம் மேலே ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு, அங்கிருந்து உங்கள் செப்டிக் டேங்க்குக்கு ஒரு குழாய். பக்கத்தில் கழுவுவதற்கு ஒரு குழாயும் சின்ன ஹோஸும். தெரிந்த கொத்தனார் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார். குடிநீர்க் குழாயை மட்டும் அதன் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். பத்தடியாவது தள்ளி, வேறு நிறத்தில் பெயின்ட் அடித்து, எழுதியும் வையுங்கள். எவ்வளவு எழுதினாலும் கேசட்டைக் குடிநீர்க் குழாயில் அலசுகிற புண்ணியவான் ஒருவர் வந்தே தீருவார். தூரம்தான் அவரைத் தடுக்கும்.

பிரான்சில் சின்னச் சின்ன ஊராட்சிகள்கூட இப்படி ஓர் இடத்தை ஊர் ஓரத்தில் வைத்திருக்கின்றன. காசு போட்டால் தண்ணீர் வரும், கழிவுக்குத் தனி வாய் இருக்கும். இரவு நிற்கிற வண்டிக்காரர் காலையில் அந்த ஊர்க் கடையில் ரொட்டி வாங்குவார் என்பதுதான் அவர்கள் கணக்கு. நாங்களும் உங்கள் உணவகத்தில் காலையில் பொங்கல் சாப்பிடத்தான் போகிறோம். வண்டிக்குள் அடுப்பு இருக்கிறது என்பதற்காக வெந்நீருக்கு மேல் தினமும் சமைக்கிறோம் என்று யாரும் நம்ப வேண்டாம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. வண்டியின் பாடி முழுக்க உலோகம். எர்த் இல்லாத பிளக்கில் செருகினால் வண்டிக்குள் ஒன்றும் தெரியாது, விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரல் நுனியில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். டெஸ்டரை வைத்தால் பாடியிலேயே மினுக்கென்று எரியும். ஒரு விடுதியில் இதைக் காட்டியபோது, மேலாளர் ‘இங்க எல்லா பிளக்கும் அப்படித்தான் சார்’ என்று ஆறுதல் சொன்னார். ஆகவே நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச், ஒரு சப் மீட்டர். எவ்வளவு யூனிட் ஓடியதோ அதற்குப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். என் வண்டியில் 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதில் ஏசி இரண்டு மணி நேரம் ஓடும். பிளக் இல்லாத இடத்தில் சிலர் ஜெனரேட்டர் போடுவார்கள், உங்கள் அறைகளில் தூங்குகிறவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.

நிற்கிற இடம் சமதளமாக இருந்தால் போதும். சாய்வாக இருந்தால் பாத்ரூம் தண்ணீர் வடிகால் பக்கம் போகாது. வாசல் வளைவு எங்கள் கூரை ஏசியை இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த கிளை இருக்கிற மரத்தடியைத் தயவுசெய்து நிழல் என்று சொல்லி ஒதுக்காதீர்கள்.

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்து, வாகமண்ணில் ஒரு பூங்காவும் திறந்தது. அது பெரும்பாலும் வாடகை வண்டியில் வருகிற விருந்தினர்களை மனதில் வைத்த திட்டம். நம் ஊரிலும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் புல்வெளி, விளக்கு, குடில் என்று வரைபடம் பெரிதாகிறது, டெண்டர் பெரிதாகிறது, கடைசியில் ஒன்றும் நடப்பதில்லை. எங்களுக்குப் பூங்கா வேண்டாம். கழகம் 1971-ல் தொடங்கி, கடற்கரையிலும் மலையிலும் கோயில் ஊர்களிலும் இடம் பிடித்து வைத்திருக்கிறது. மாமல்லபுரம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஏற்காடு, ஊட்டி என்று எங்கள் வண்டிகள் போகிற ஊர்களில்தான் உங்கள் விடுதிகளும் இருக்கின்றன. அறை வாடகையில் கால் பங்கு வாங்கினால்கூட, சும்மா கிடக்கிற வாகன நிறுத்தத்துக்கு அது புது வருமானம்தானே?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வாங்கித்தான் போகிறோம். எத்தனை வண்டி மேலே ஏறுகிறது என்பது அரசிடம் பதிவாகிறது. அந்தப் படிவத்தில் கேரவனா என்று ஒரு கேள்வியைச் சேர்த்து, ஆம் என்பவருக்குக் கழிவைக் காலி செய்யும் இடத்தின் முகவரியையும் சேர்த்து அனுப்பினால், ஓடைப் பக்கம் ஓரங்கட்டுகிறவருக்குச் சொல்லச் சாக்கு இருக்காது. இ-பாஸ் உங்கள் துறை இல்லை என்று தெரியும். ஆனால் மாவட்ட நிர்வாகத்திடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொன்னால் மனு எண் கொடுப்பார்கள்.

முதலில் ஒரே ஒரு விடுதியில் செய்து பாருங்கள். என்னைக் கேட்டால் மாமல்லபுரம். இடம் இருக்கிறது, சென்னைக்குப் பக்கம், உங்கள் பொறியாளர்கள் வந்து பார்த்துப் போக வசதி. அளவெடுக்கிற நாளில் கேசட் வைத்த வண்டி ஒன்று, அடியில் தொட்டி வைத்த வண்டி ஒன்று, இரண்டையும் கொண்டுவந்து நிறுத்துகிறோம். குழியின் வாய் எந்த உயரத்தில் இருந்தால் தெறிக்காது, மூடி எந்தப் பக்கம் திறந்தால் வசதி என்பதைப் படம் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஊற்றிப் பார்க்க வேண்டும். ஊற்றுவதும் அலசுவதும் எங்கள் பொறுப்பு. பள்ளி விடுமுறைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், வாரநாளில் ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசலில் வண்டியோடு நிற்கும் ஒருவன்