இந்தச் செப்டம்பரில் நான் வரவில்லை, கண்ணு

கண்ணு,

அமெரிக்காவுக்கு டிக்கெட் போடட்டுமா என்று நீ கேட்டதிலிருந்து "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றே இழுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் கேட்கவே இல்லை. இந்தச் செப்டம்பரில் நான் வரவில்லை.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் மீட்டிங் நடுவில் படித்துவிட்டு "ஓகே மா" என்று போடுவாய். இங்கே எழுதினால் கோபிப் பெரியம்மாவிலிருந்து என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் வரை எல்லாரும் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்திலாவது நிதானமாக எழுதுவேன் என்றுதான்.

போன அக்டோபரில் பாஸ்டன் பக்கத்து ப்ளூ ஹில்ஸ் மலைக்குப் போனோமே, அன்றைக்கு நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாய். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. பெரியவன் மரத்தில் அடித்திருந்த சிவப்பு அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு எனக்கு வழிகாட்டினான். சின்னக்குட்டி நாலு அடிக்கு ஒருதரம் உட்கார்ந்து ஓக் கொட்டை பொறுக்கினாள். தொப்பி கழன்ற கொட்டை அவளுக்கு ஆகாது, தொப்பியோடு இருப்பதுதான் வேண்டும். என் ஸ்வெட்டர் பை இரண்டும் நிறைந்து, நடக்க நடக்கத் தொடையில் இடித்தது. பாறை இடுக்கிலெல்லாம் ப்ளூபெர்ரிச் செடி சிவந்து கிடந்தது.

பெரியவன் ஒரு மேப்பிள் இலையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மிச்சி, மஞ்சள் முன்னாடியே உள்ள இருந்துச்சு, பச்சை போனதும் வெளிய தெரியுது. சிவப்பு மட்டும் இப்பதான் புதுசா செஞ்சுது" என்றான். ரிட்டயர் ஆகும்வரை பச்சையம் நடத்தியவளுக்கு ஏழு வயசுப் பையன் பாடம்! சரியாகத்தான் சொன்னான். நாவல் பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிறதே, அதே ஆந்தோசயனின்தான் அந்தச் சிவப்பு என்றேன். நாவல் பழம் என்றால் என்ன என்றான். சரி, வேப்பமரத்துக்குப் போனேன். இங்கே குளிர் வருகிறது என்று மரம் இலையை விடுகிறது, நம்ம ஊரில் மாசி பங்குனியில் தண்ணீர் குறைகிறது என்று விடும். செம்பு நிறம் வேம்புக்கு உதிரும்போது வராது, துளிர்க்கும்போதுதான் வரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எப்ப துளிர்க்கும்? நான் பாக்கணும்" என்றான். அப்போது நீ லீவு எடுக்க மாட்டாய் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

உச்சி 635 அடிதான். மருதமலைப் படி ஏறிய முட்டிக்கு அது ஒன்றுமில்லை. நீதான் சும்மா பயந்தாய். மேலே இருக்கிற வானிலை நிலையத்தில் 1885 முதல் இன்றுவரை விடாமல் குறிக்கிறார்களாம். இதை உங்கப்பா பார்க்க வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ எல்லாரையும் பாத்ரூமில் வரிசையாக நிறுத்தினாய். மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும், இலை உதிர்கிற மாதங்களில்தான் வளர்ந்த உண்ணி அதிகம், அது கடித்து லைம் நோய் வந்தால் மூட்டில் போய் உட்காரும் என்று நீ சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் ஊர்ந்தது. பிள்ளைகளின் காதுமடல், அக்குள், முட்டிக்குப் பின்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாய். அப்புறம் "நீயும் வாம்மா" என்று என்னைத் தொட்டி விளிம்பில் உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாய். பிடரியில் உன் விரல் பட்டது. அதற்கு முன்னால் என் தலையை யார் எப்போது தொட்டார்கள் என்று ஞாபகமே இல்லை. நான் உனக்குப் பேன் பார்த்தால் திமிறிக்கொண்டு ஓடுவாய். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "எவ்வளவு நரைச்சிருச்சும்மா" என்றாய். ஒரு உண்ணி அகப்பட்டாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்றுகூடத் தோன்றியது. பைத்தியம்தான்.

அப்போது போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் என் முடியைப் பிடித்தபடியே, மார்ச் வரை அம்மா இருக்கிறாள், குழந்தைகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டாம், அடுத்த வருஷமும் வந்துவிடுவாள், அந்த வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாய். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும்.

உனக்கு அது நல்ல செய்தி, எனக்கும் சந்தோஷம்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதற்கு மேல் இங்கே வேண்டாம், பெரியம்மா போன் செய்வாள்.

அதனால்தான் வரவில்லை என்று நினைக்காதே. உண்மையான காரணம் அப்பாவின் மழை டைரி. மொட்டைமாடி மழைமானியைக் காலையில் பார்த்து மில்லிமீட்டரை எழுதாமல் அவர் காபி குடித்ததுண்டா? நான் ஊர் திரும்பிப் புரட்டினால், ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை பாதி வரை வெறும் பக்கம். மழை இல்லாமலா? பக்கத்து வீட்டு மதிலே அந்த மழையில்தான் விழுந்தது. டெங்கு, கண்ணு. ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். நாம் வீடியோவில் பேசியபோதெல்லாம் ட்ரிப்ஸ் ஏறின கையைக் கீழே இறக்கிக்கொண்டு, பின்னால் சுவர் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து பேசியிருக்கிறார். "அப்பா இளைச்சுட்டார்" என்று நீகூடச் சொன்னாய், வாக்கிங் போகிறேன் என்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன், திட்டட்டும்.

மன்னிச்சுக்கோ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வருகிறது. உன் வேலை கெட வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் சுகமாக இருப்பேன் என்றும் நீ நினைத்துவிடாதே.

சின்னக்குட்டி இந்த வருஷமும் கொட்டை பொறுக்குவாள். போன தடவை சம்புடத்தில் போட்டு வைத்து, காலையில் மேடையெல்லாம் வெள்ளைப் புழு நெளிந்து, காபி போட வந்த மாப்பிள்ளை அலறினாரே, அது கெட்டுப்போன கொட்டை இல்லை. வண்டின் புழு. கொட்டைக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஓட்டை போட்டுக்கொண்டு மண்ணுக்குள் இறங்க வேண்டியது, பாவம், கிரானைட்டில் இறங்கிவிட்டது. மண் போட்ட தொட்டியில் வைத்துக்கொடு. தூக்கிப் போடாதே, அவள் அழுவாள். காட்டுக்குப் போகும்போது பேன்ட்டை சாக்ஸுக்குள் விடச் சொல், பெரியவன் மாட்டேன் என்பான்.

பள்ளிக்கூடம் விட்டதும் யார் பார்ப்பது என்பாய். சம்பந்தியம்மாவைக் கேட்டுப் பார். அவர்களுக்கும் பேரன் பேத்திதான், பாஸ்போர்ட்டும் இருக்கிறது. நீ இதுவரை கேட்டதே இல்லை என்று போன பொங்கலுக்கு என்னிடம் போனில் சொன்னார்கள். இதைப் படித்தால் வருத்தப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் வைக்கிற ரசம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், இதையும் அவர்கள் படிக்கட்டும்.

அம்மா
வடவள்ளி, கோவை