அழுத்து, பிடி, விடு

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இப்போது பேப்பர் படிக்க முடிகிறதா? நான் கேட்டதாகச் சொல்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய மாதிரி இரண்டு வரி எழுதியிருந்தாய். பையன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பிரித்துச் செய்யலாம் என்று நச்சரிக்கிறான், படிக்கிற வயதில் இது தேவையா, நீ இரண்டு வருஷமாக மகளோடு இதையே செய்துகொண்டிருக்கிறாய், நீ சொல் என்று. அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த நீளக் கடிதம். வாங்கு. அவனுக்கு வாங்கிக் கொடுக்காதே, அவனோடு சேர்ந்து வாங்கு. எந்த வண்டி, எதைப் பார்த்து வாங்குவது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

எங்களுடையது 1966-ஆம் வருஷத்து எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை இல்லாத இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். நம் அறைச் சுவரில் ஒரு பத்திரிகைப் படத்தைக் கிழித்து ஒட்டி வைத்திருந்தோமே, அதே கார். 17 வருஷம் ஒரு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதை நான் கொண்டுவந்தபோது மகளுக்கு 14 வயது. அந்த வருஷம் அவள் வீட்டில் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. எது கேட்டாலும் "ம்". கதவு சாத்தியே இருக்கும். அவளுக்காகக் காரை வாங்கினேன் என்று சொன்னால் அது பொய். எனக்காகத்தான் வாங்கினேன்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ஒரு போல்ட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் வழுக்கி, என் விரல் முட்டியில் தோல் உரிந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்தவள் வாசலில் நின்று சொன்னாள்: "அப்பா, அது இஞ்ச் போல்ட். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 போட்டால் வழுக்கத்தான் செய்யும்." ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் இஞ்ச் ஸ்பேனர் செட் வந்தது. அவளும் வந்தாள்.

நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான். துருப்பிடித்த ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்று அசையவில்லை. ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி என் முழு பலத்தையும் கொடுத்தேன். பட்டென்று ஸ்டட் பாதியில் ஒடிந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சம் இருந்தவற்றைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஒவ்வொன்றையும் டார்ச் வைத்துச் சூடாக்கி, சூடு சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை மரையில் வைத்தாள். மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொண்டு இறங்கியதைப் பார்க்க வேண்டுமே! பிறகு முதலில் கொஞ்சம் இறுக்கினாள், அப்புறம் கொஞ்சம் தளர்த்தினாள். கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. எல்லாம் முழுசாக வந்தன. அன்றிலிருந்து துருப்பிடித்த எதுவும் அவள் கைக்குத்தான். நான் லைட் பிடிப்பேன்.

லைட் பிடிப்பது சுலபம் இல்லை, தெரியுமா? நமக்கு இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலையை அவள் இருபது நிமிஷம் செய்வாள். கை பரபரக்கும். "கொடு, நான் செய்கிறேன்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வரும். அதை விழுங்கப் பழகு. என் அனுபவத்தில் அந்த ஒரு வார்த்தைதான் பிள்ளையைத் திரும்ப அறைக்குள் அனுப்பிவிடும்.

இன்ஜின் எங்களைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. 1798 சிசி, நான்கு சிலிண்டர், எளிமையான இன்ஜின். இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டைகள் வழியாக எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, கையால் மெதுவாகச் சுற்றியதும் சுற்றிவிட்டது.

எங்களை அழவைத்தது பாடி. இதைக் கவனமாகப் படி, நீ வாங்கப்போகும்போது உதவும். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் எலும்பு. மேலே கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் சில் பெட்டிகள்தான் பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. அவை உள்ளிருந்து உளுத்துப்போகும், வெளியே தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் வண்டியில் பழைய சில் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்து வைத்திருந்தார். மகள் ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தாள். பட்டியில் காந்தம் ஒட்டாதே, ஒரு கை நீளத்துக்கு எங்கேயும் ஒட்டவில்லை, சறுக்கிக்கொண்டே போனது. இன்னொரு சோதனையும் உண்டு. ஜாக்கியால் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்துபார். கதவு சிக்கினால் பாடி வளைகிறது, சில் போய்விட்டது என்று அர்த்தம். சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் பாட்டரிப் பெட்டிகள் இருக்கும், அங்கேயும் கையை விட்டுப் பார். இன்ஜின் ஓடாத வண்டியை வாங்கலாம், உளுத்த வண்டியை வாங்காதே.

சில்லை வெட்டும் முன் கதவு நிலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியதும் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது. வெல்டிங் மட்டும் நான் செய்தேன். அளவெடுத்ததும் கதவு இடைவெளியை வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் பதினைந்து இடத்தில் குறித்துவைத்ததும் அவள். ஒரு பக்கம் முடிக்கவே ஐந்து மாதம். நடுவில் எனக்கு அலுத்துவிட்டது, விற்றுவிடலாமா என்றேன். அப்போதுதான் எங்கோ படித்த கதையைச் சொன்னாள். 1963 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய எம்ஜிபியை ஆலன் ஹட்சிசன் ஆரம்பத்திலேயே மணலில் சிக்கவைத்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கையால் மணலைத் தோண்டி வண்டியை வெளியே எடுத்திருக்கிறார். அப்புறம் அவரும் பேடி ஹாப்கிர்க்கும் மாறி மாறி ஓட்டி 12-ஆவது இடத்தில் முடித்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்து ஷெட் சுவரில் "தோண்டு" என்று பெரிதாக எழுதினாள். இன்னும் அழிக்கவில்லை.

வால்வு இடைவெளி வைத்த நாளை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். எட்டு வால்வு, இன்ஜினுக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியே அனுப்பும் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வைக்க வேண்டும். எதைச் சரிசெய்ய வேண்டுமோ, அது முழுசாக மூடியிருக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: எந்த வால்வு முழுசாகத் திறந்து கீழே நிற்கிறதோ, அதன் எண்ணை 9-இலிருந்து கழி. வருகிற எண்தான் இப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு. 8 திறந்திருந்தால் 1, 3 திறந்திருந்தால் 6. நான் இதை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். அவள் "ஏன் 9?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் 1-3-4-2 என்று ஃபயரிங் ஆர்டரை (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை) எழுதி, முதல் சிலிண்டரும் நான்காவதும் ஜோடி, இரண்டும் மூன்றும் ஜோடி, ஒன்றின் பிஸ்டன் ஏறும்போது ஜோடியின் பிஸ்டனும் சேர்ந்தே ஏறுகிறது, ஆனால் ஒன்று வெடிக்கும்போது மற்றது மூச்சு மாற்றுகிறது என்று படம் போட்டு, வால்வுகள் முன்னும் பின்னும் கண்ணாடி பிம்பம் மாதிரி அமைந்திருப்பதை அவளே கண்டுபிடித்தாள். கணக்கு வராது என்று அவளைப் பற்றி நாங்கள் எல்லோருமே பேசியிருக்கிறோம், அவள் காதுபடவே. அன்றைக்கு எனக்கு அது உறுத்தியது.

பாட்டரி மாட்டும்போதும் அவள்தான் என்னைத் தடுத்தாள். அந்த வருஷத்து வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும். 1967 கடைசியில்தான் மாற்றினார்கள். பழக்கதோஷத்தில் நெகட்டிவை எடுத்துக்கொண்டு போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். உனக்குத் தெரியும், நாம் செய்திருக்கிறோம். அவள் வண்டிக்கு அடியில், நான் சீட்டில். (ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. பையனிடம் முதல் நாளே சொல்லிவிடு. பழைய பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியை ஊதவும் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.) அவள் "அழுத்து" என்பாள், நான் அழுத்துவேன், அவள் காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறப்பாள், பெடல் கீழே இறங்கும். "பிடி" என்பாள், நான் அப்படியே பிடித்திருப்பேன், அவள் நிப்பிளை மூடுவாள். "விடு" என்றால்தான் காலை எடுக்க வேண்டும். முன்னாடியே எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

பின்பக்க இடது சக்கரம். அழுத்து, பிடி, விடு என்று ஏழெட்டு முறை போயிருக்கும். ஒரு தடவை "பிடி" என்றவள் "விடு" சொல்லவில்லை. ஸ்பேனர் சத்தமும் நின்றுவிட்டது. அப்புறம் அடியிலிருந்து அவள் குரல்: "அப்பா, அவ என்கூடப் பேசி மூணு மாசம் ஆச்சு." சின்ன வகுப்பிலிருந்து கூடவே இருந்த தோழியைச் சொன்னாள். எப்படி ஆரம்பித்தது, யார் என்ன சொன்னார்கள், மதிய இடைவேளையில் எங்கே போய்த் தனியாக உட்காருகிறாள், எல்லாம் சொன்னாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. அவளுக்கும் என் முகம் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெடல் மேல் இருந்த காலை எடுக்கவும் இல்லை. கால் மரத்துப்போய்விட்டது. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "விடு" என்றாள். விட்டேன். "இன்னும் ரெண்டு தடவை போதும்ப்பா" என்றாள்.

அந்த ஒரு வருஷம் நான் அவள் கதவைத் தட்டித் தட்டி என்னவெல்லாம் கேட்டிருப்பேன்! நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டபோது வராத பேச்சு, கையில் வேலை இருந்தபோது தானாக வந்தது. உன் பையனும் இப்போது சரியாகப் பேசுவதில்லை என்று போன வருஷம் எழுதியிருந்தாய். அதனால்தான் வாங்கு என்கிறேன்.

முதல் ஸ்டார்ட் போன மாதம். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடிக்கும், கார்பரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும். எங்களுக்கு நிற்கவே இல்லை. மகள் சட்டென்று சாவியை அணைத்துவிட்டாள். முன் கார்பரேட்டரில் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சிக்கி, பெட்ரோல் வழிந்திருந்தது. சுத்தம் செய்து திரும்பப் போட்டோம். டிக் டிக் டிக், டிக்... டிக்... அமைதி. அவள் செல்ஃப் அடித்தாள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. இரண்டு கார்பரேட்டரையும் சமன் செய்ய, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு வாயாக வைத்து மூச்சுச் சத்தத்தை ஒப்பிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவள் பின் கார்பரேட்டரின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினாள், இன்ஜின் நடுக்கம் நின்றது.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. தோழி விஷயம் முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் போன ஞாயிறு அந்தப் பெண் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எந்த வண்டி என்று கேட்பாய். பாகம் கிடைக்கிற வண்டியாகப் பார். எம்ஜிபி 1962-இலிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், சின்ன வாஷரிலிருந்து எல்லாம் கிடைக்கிறது. முழு பாடி ஷெல்லைக்கூட 1988 முதல் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் மாடலைப் பையனே தேர்ந்தெடுக்கட்டும். வண்டி பார்க்கப் போகும்போது என்னைக் கூப்பிடு, காந்தத்தோடு வருகிறேன். மகளும் வருவாள், மாமா நல்ல வண்டியாக வாங்க வேண்டுமே என்று இப்போதே கவலைப்படுகிறாள்.

அப்புறம், இடைவெளி அளக்கும் நம் பழைய தகட்டுக் கொத்து, ஃபீலர் கேஜ், உன்னிடம்தானே இருக்கிறது? அதில் 15 என்று போட்ட தகடு, 0.015 அங்குலம், வால்வுக்கும் அதுதான், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டுக்கும் அதுதான். தேடி எடுத்து வை. உன் பையன் கையில் கொடு.

அம்மாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்