குடியிருப்போர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், கொசு மருந்து அடித்தல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுக் கூட்டம் சில மாதங்களில் போதிய உறுப்பினர் வராமல் கலைந்தது.

பூங்காக் கன்றுகளைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். முந்தைய ஆண்டில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று சிலர் வற்புறுத்தியதால், புங்கனும் செம்பருத்தியும் மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் நிழலில் நடப்பட்டன. தண்ணீரும் தொழுவுரமும் தவறாமல் விட்டும் வெளிறி, ஒல்லியாக நெட்டுவிட்டு நின்றன. இன்னும் உரம் போடுங்கள் என்றார்கள். உரம் போட்டால் மட்டும் செடிக்கு உணவு கிடைத்துவிடாது. காற்றில் ஏறக்குறைய 0.04 சதவீதமே உள்ள கார்பன் டை ஆக்சைடை இலைத்துளை வழியே வாங்கி, வேர் அனுப்பும் நீரோடு சேர்த்து, பச்சையம் பிடிக்கும் வெயிலைக் கொண்டு இலை சர்க்கரை செய்கிறது. மிஞ்சுவது மாவுச்சத்தாகச் சேமிப்பில் போகிறது. நம் தட்டில் விழும் சோறும் அப்படி நெல் சேர்த்து வைத்ததுதான்.

வாயால் சொல்லி எடுபடவில்லை. ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை வைத்தே செய்து காட்டினோம். இலையில் சேர்ந்திருந்த மாவுச்சத்து தீரட்டும் என்று இருட்டறையில் வைத்திருந்த செம்பருத்தித் தொட்டியை எடுத்து, ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதப் பட்டை சுற்றி, வெயிலில் வைத்தோம். மாலையில் அந்த இலையை வெந்நீரில் போட்டெடுத்து, பிறகு ஸ்பிரிட்டில் பச்சை இறங்கும்வரை சூடாக்கினோம் (நேரடித் தீயில் அல்ல, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து). மாவுச்சத்து இருக்கும் இடத்தில் அயோடின் கருநீலமாகும். வெளுத்த இலையில் அதை விட்டதும் வெயில் பட்ட பகுதி கருநீலமானது. பட்டை மறைத்த இடம் மட்டும் பழுப்பாகவே நின்றது. பச்சை இலை வெளிச்சத்தில்தான் ஆக்சிஜன் விடும் என்று 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு விஞ்ஞானி காட்டினார். அந்த வெளிச்சம் இலைக்குள் என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

அதன் பிறகே கன்றுகளைக் கிழக்கு மதிலோரம் மாற்றச் செயற்குழு சம்மதித்தது. இப்போது துளிர் நன்றாக வருகிறது. “இது குடியிருப்போர் சங்கமா, பள்ளிக்கூடமா?” என்று கேட்டவர்கள் அன்று வந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

வரவு செலவு திருப்திகரம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஸ்பிரிட், அயோடின் செலவு சிறு தொகைதான். அதைக் கேள்வி கேட்ட சிலரின் சந்தாவே நிலுவையில் இருக்கிறது. பெயர் வாசிக்க எனக்கு மனமில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கோடையிலும் தண்ணீர் விடத் தவறாத தோட்டக்காரருக்கும் நன்றி.

தெருவிளக்கை மறைக்கிறதென்று பழைய புங்க மரத்தை மொட்டையடிக்கச் சொல்லி மனு வந்துள்ளது. இலையை முழுக்கக் கழித்தால் மரம் தன் சேமிப்பைத் தின்றுதான் மறுபடி துளிர்க்க வேண்டும். விளக்கை மறைக்கும் கிளையை மட்டும் கழித்தால் போதும் என்பது என் வேண்டுகோள். புதுக் கன்றுகளுக்கு ஆடு மாடு நுழையாதபடி வேலி வேண்டும். நிலுவைச் சந்தா இந்த மாதத்துக்குள் வந்துவிட்டால் மழைக்கு முன் கம்பி வாங்கிவிடலாம். வரும் ஆண்டில் இப்பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்