வடசென்னையில் ரூபி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் மாலை வகுப்பு, ஞாயிறு வகுப்பு என்று நடத்தி ரூபி என்ற நிரல் மொழியும், அதில் வலைச் செயலிகள் கட்ட உதவும் ரெயில்ஸ் சட்டகமும் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பல வருடங்களாக ரூபியில்தான் பிழைப்பு. உங்களிடம் படித்த பிள்ளைகளை நேர்முகத் தேர்வில் பார்க்கிறேன், சிலரோடு ஒரே டீமில் வேலையும் செய்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். குறைந்த கட்டணத்தில், பகல் வேலையை முடித்துவிட்டு வந்து நீங்கள் எடுக்கும் வகுப்பு இல்லையென்றால் அவர்களில் பலர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். அந்த மரியாதையோடுதான், வகுப்புகளில் கைமாறும் ஒரு பழைய ரூபி கோப்பைப் பற்றியும் பாடம் எடுக்கும் வரிசையைப் பற்றியும் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கு ரெயில்ஸில் ஒரு செயலியைச் சீக்கிரமாகக் கட்டி நிறுத்தத் தெரிகிறது. ஆனால் மாடல் கோப்பை, அதாவது ஒரு தரவு அட்டவணைக்கான நிரல் உள்ள கோப்பைத் திறந்து, "இந்த ஹேஸ்_மெனி வரி என்ன செய்கிறது?" என்று கேட்டால், "அது ரெயில்ஸ் கீவேர்ட் சார்" என்கிறார்கள். ஒரு மதிப்பைப் படிக்கவும் மாற்றவும் வழி தரும் அட்டர்_அக்சஸர் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். இரண்டுமே கீவேர்ட் இல்லை, அதாவது மொழியிலேயே பதிந்த சிறப்புச் சொல் இல்லை. ரூபியில் கிளாஸுக்குள், அதாவது ஆப்ஜெக்ட்களை (நிரல் கையாளும் பொருள்களை) வார்க்கும் அச்சுக்குள் எழுதும் வரிகள், கோப்பு ஏறும்போதே மேலிருந்து கீழாக ஓடுகிற சாதாரண நிரல். அந்த இடத்தில் செல்ஃப் என்றால் அந்த கிளாஸ்தான். ஆக, ஹேஸ்_மெனி என்பது கிளாஸ் மீது அழைக்கப்படும் ஒரு மெத்தட், பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரல் துண்டு. ஹேஸ்_மெனி ஆர்டர்ஸ் என்று எழுதியிருந்தால், அது ஓடி முடித்ததும் ஆர்டர்ஸ், ஆர்டர்_ஐடிஸ் போன்ற புது மெத்தட்கள் உண்டாகியிருக்கும். அவற்றை ரெயில்ஸ் நேராக நம் கிளாஸுக்குள் வைப்பதில்லை. ஒரு தனி மாட்யூலில் (மெத்தட்களின் தொகுப்பு) வைத்து அந்த மாட்யூலைச் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் ஆர்டர்ஸ் என்று நாமே ஒரு மெத்தட் எழுதி, உள்ளே சூப்பர் (மேலே உள்ள அதே பெயர் மெத்தடை ஓட்டும் சொல்) அழைத்தால் வேலை செய்கிறது. இது தெரிந்த பிள்ளைக்கு நிரலில் பாதி பயம் போய்விடும்.

பட்டறையிலும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பிலும் தாத்தா, அப்பா வேலை பார்த்த வீடுகள் நம் பக்கம் ஏராளம். மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் மெக்கானிக் ஆக முடியாது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரூபியை மட்டும் ஏன் மூடியபடியே கையில் கொடுக்கிறோம்?

இப்போது, இந்த மடலை எழுதவைத்த அந்தக் கோப்பு. பயிற்சிக் குறிப்புகளோடு பென்டிரைவில் கைமாறி வருகிற ஒரு சிறிய துணைக் கோப்பு அது. ஏறக்குறைய எல்லா கிளாஸுக்கும் அடிப்படையான ஆப்ஜெக்ட் கிளாஸைத் திறந்து மெட்டாகிளாஸ், மெட்டா_ஈவல், மெட்டா_டெஃப், கிளாஸ்_டெஃப் என்று நான்கு மெத்தட்களைச் சேர்க்கும். "மெட்டாபுரோகிராமிங் வேண்டுமா, இதைச் சேர்த்துக்கொள்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். மெட்டாபுரோகிராமிங் என்பது நிரலை வைத்தே நிரலை உருவாக்குவது. 'ஒய் த லக்கி ஸ்டிஃப்' என்ற புனைபெயரில் இயங்கியவர் எழுதியது அது. 2009 ஆகஸ்டில் அவர் தன் பக்கங்களையெல்லாம் நீக்கிவிட்டு இணையத்தை விட்டே விலகினார். ரூபி 1.8 காலத்தில் அந்தக் கோப்பு பெரிய உதவி. ஓர் ஆப்ஜெக்டின் சிங்கிள்டன் கிளாஸ், அதாவது அந்த ஒரே ஆப்ஜெக்டுக்கு மட்டும் உரிய மெத்தட்கள் உட்காரும் இடம், அதைக் கையில் எடுக்க அன்று நேர்வழி கிடையாது. 'கிளாஸ் << செல்ஃப்' என்று திறந்து, உள்ளிருந்து செல்ஃபைத் திருப்பித் தர வேண்டும். அதை யாரும் புரிந்துகொள்ளும்படி சுருக்கித் தந்தார் அவர். நன்றியோடு நினைக்க வேண்டிய வேலை.

ஆனால் அதற்குப் பிறகு மொழி வளர்ந்துவிட்டது. ஓர் ஆப்ஜெக்டுக்கு மட்டும் மெத்தட் சேர்க்கும் டிஃபைன்_சிங்கிள்டன்_மெத்தட் 1.9 வரிசையிலேயே வந்தது. 2010இல் வந்த 1.9.2இல் சிங்கிள்டன் கிளாஸை நேராகத் தரும் சிங்கிள்டன்_கிளாஸ் என்ற மெத்தடும் சேர்ந்தது. ஒரு கிளாஸில் புது மெத்தட் உண்டாக்கும் டிஃபைன்_மெத்தட் பிரைவேட்டாக (கிளாஸுக்கு வெளியிலிருந்து அழைக்க முடியாததாக) இருந்ததால்தான் கிளாஸ்_டெஃப் தேவைப்பட்டது. 2017 டிசம்பரில் வந்த 2.5இல் அதையும் பப்ளிக் ஆக்கிவிட்டார்கள். நான்கு துணை மெத்தட்களின் வேலையையும் இன்று ரூபி தானே செய்கிறது. உங்கள் மாணவர் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மெட்டா_டெஃப் என்று எழுதினால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது. ரூபி ஆவணத்தில் தேடினாலும் கிடைக்காது.

அதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது. மெட்டா_ஈவல் உள்ளுக்குள் அழைப்பது இன்ஸ்டன்ஸ்_ஈவல். ஓர் ஆப்ஜெக்டை செல்ஃபாக வைத்து, பிளாக் என்னும் நிரல் துண்டை ஓட்டும் மெத்தட் அது. அந்த பிளாக்கில் டிஃபைன்_மெத்தட் எழுதினால் மெத்தட் சரியான இடத்தில் போய் உட்காரும். மெத்தட் எழுதும் வழக்கமான சொல்லான டெஃப் கொண்டு எழுதினால் ஒரு படி தள்ளி, அந்த சிங்கிள்டன் கிளாஸின் சிங்கிள்டன் கிளாஸில் போய் உட்காரும். எழுதியவர் தன் ஆப்ஜெக்டில் அழைத்துப் பார்ப்பார், நோமெத்தட்எரர் (அப்படி மெத்தட் இல்லை என்ற பிழை) வரும். எழுத்து எல்லாம் சரி, மெத்தட் மட்டும் இல்லை. புதிதாகக் கற்பவருக்கு இதைவிடக் குழப்பமான நேரம் வேறென்ன இருக்கும்? அதே இடத்தில் கிளாஸ்_ஈவல் இருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. இன்ஸ்டன்ஸ்_ஈவல், கிளாஸ்_ஈவல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் டெஃப் எழுதி, மெத்தட் எங்கே போனது என்று மாணவர்களையே தேடவிடுங்கள். இந்தப் பாடத்தில் அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

அடுத்தது மெத்தட்_மிஸ்ஸிங், இல்லாத மெத்தடை அழைத்தால் ரூபி ஓட்டும் மெத்தட். வகுப்பில் காட்டினால் கண்கள் விரியும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் செயல்திட்டங்களில் அது வந்து சேரும் விதம் கவலை தருகிறது. காசிமேடு மீன் விலைப் பட்டியல் என்று ஒரு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரம்_விலை, சங்கரா_விலை, நெத்திலி_விலை என்று எது அழைத்தாலும் மெத்தட்_மிஸ்ஸிங் பிடித்து, ஹாஷில் (பெயரும் மதிப்பும் கொண்ட பட்டியல்) தேடித் தருகிறது. யாரோ வஞ்சிரம் என்பதில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டால் பிழை வராது, நில் (மதிப்பு எதுவும் இல்லை என்பது) வரும். அந்த நில் நாலு கோப்பு தாண்டிப் போய் வேறெங்கோ வெடிக்கும். தெரியாத பெயர் வந்தால் சூப்பர் அழைக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். கூடவே ரெஸ்பாண்ட்_டு_மிஸ்ஸிங்? எழுதாவிட்டால், இந்த மெத்தட் தெரியுமா என்று ரெஸ்பாண்ட்_டு? கொண்டு கேட்கும்போது அந்த ஆப்ஜெக்ட் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, அழைத்தால் பதில் தரும். இதுவும் 1.9.2இல் வந்த வசதிதான்.

உண்மையில் அந்தச் செயலிக்கு மெத்தட்_மிஸ்ஸிங்கே தேவையில்லை. மீன்களின் பெயர் முன்கூட்டியே தெரியும். பட்டியலைச் சுற்றி ஒரு ஈச் (ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்று) போட்டு, ஒவ்வொன்றுக்கும் டிஃபைன்_மெத்தட் அழைத்தால் முடிந்தது. மெத்தட்கள் நிஜமாகவே இருக்கும், தேடினால் கிடைக்கும். பெயரைத் தப்பாக அடித்தால் அதே வரியில் பிழை வரும். ரூபி 2.3 முதல் கூடவே வருகிற டிட்_யூ_மீன், "இதைச் சொல்கிறீர்களா?" என்று சரியான பெயரையும் எடுத்துக் கொடுக்கும். ரெயில்ஸும் இந்த வழிக்குத்தான் நகர்ந்தது. பெயரிலேயே நிபந்தனையைக் கோத்து அழைக்கும் ஃபைண்டர்களில், அதாவது தரவு தேடும் மெத்தட்களில், பெரும்பாலானவற்றை 2013இல் வந்த 4.0 கைவிடச் சொன்னது. ஏற்கெனவே உள்ள மெத்தடின் நடத்தையை மாற்ற, ஏலியஸ்_மெத்தட்_செயின் போய் ரூபியின் ப்ரீபெண்ட் வந்ததும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். மாணவர்களுக்கு வேலை சீக்கிரம் வேண்டும், வீட்டில் காத்திருக்கிறார்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, வேலைக்காக ஓ.எம்.ஆர். வரை போய் வருகிறவர்களை நானும் தினம் பார்க்கிறேன். புது அத்தியாயம் எதையும் சேர்க்கச் சொல்லவில்லை, ஏற்கெனவே எடுக்கிற இரண்டு மாலைகளின் வரிசையை மாற்றினால் போதும். ரெயில்ஸ் தொடங்குவதற்கு முன் பிளாக்கும் செல்ஃபும் முடிந்திருக்கும் அல்லவா? அங்கேயே அட்டர்_அக்சஸரை மாணவர்களை விட்டுச் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். டிஃபைன்_மெத்தட், ஆப்ஜெக்டின் மதிப்பைப் படிக்கும் இன்ஸ்டன்ஸ்_வேரியபிள்_கெட், அதை மாற்றும் இன்ஸ்டன்ஸ்_வேரியபிள்_செட் மூன்றும் இருந்தால் அரை டஜன் வரிகளில் முடியும். அப்புறம் ரெயில்ஸ் கன்சோலைத் திறந்து, ஏதாவது ஒரு மாடலில் ஹேஸ்_மெனி மெத்தடின் சோர்ஸ்_லொகேஷன் கேட்கச் சொல்லுங்கள். கோப்பின் பெயரும் வரி எண்ணும் திரையில் வரும். அந்தக் கோப்பை அங்கேயே திறந்து காட்டுங்கள். முழுவதும் புரிய வேண்டாம். உள்ளே போய்ப் படிக்கலாம், அதுவும் நாம் எழுதுகிற அதே ரூபிதான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும். மெத்தட் எங்கே எழுதப்பட்டது என்று சொல்லும் ஓனர், ஒரு கிளாஸின் மேல் வரிசையைக் காட்டும் ஆன்செஸ்டர்ஸ் இரண்டையும் அதே மூச்சில் காட்டிவிடலாம்.

அடுத்த பேட்ச் தொடங்கும்போது அந்தப் பழைய கோப்பைப் பென்டிரைவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, நான்கு துணை மெத்தட்களையும் இன்றைய ரூபியில் எப்படி எழுதுவது என்று ஒரு பயிற்சித் தாளை தமிழில் நானே எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், தண்டையார்பேட்டையிலிருந்து எட்டும் தூரத்தில் எந்த வகுப்பானாலும் வந்து மாணவர்களோடு உட்காரவும் தயார்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ரூபி நிரலாளர்